ரூட்டரின் பிளக்கைப் பிடுங்காத 31 நாள்

இன்று காலை ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எவ்வளவு நேரமாக இடைவிடாமல் ஓடுகிறது என்று காட்டும் இடத்தில் 31 நாள் 4 மணி என்றிருந்தது. இரண்டு மாதமாக நான் பட்ட பாடெல்லாம் இந்த ஓர் எண்ணுக்காகத்தான். அதற்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டில் நாளைக்கு மூன்று முறையாவது யாராவது எழுந்துபோய், பிளக்கைப் பிடுங்கி, பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி செருகுவோம். "அப்பா, நெட் போச்சு!" என்று மாடியிலிருந்து மகள் குரல் கொடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏன் போகிறது என்பது மட்டும் தெரியாது.

வழியில் ஒரு ரூட்டரைத் தவறாக வாங்கினேன். வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய சோதனைகளை வாங்கிய பிறகு செய்தேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அடுத்து ரூட்டர் வாங்கப் போகிறவருக்கு அந்த வரிசையே உதவும்.

எங்களுடையது ஃபைபர் இணைப்பு. இறக்கம் (டவுன்லோடு) 200 எம்பிபிஎஸ், ஏற்றம் (அப்லோடு) 50. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில்தான் ஃபைபர் வந்து சேர்கிறது. அதிலேயே வைஃபையும் உண்டு. ஹாலின் ஒரு மூலையில், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், டிவிக்குப் பின்னால் அது கிடந்தது. கீழே இரண்டு அறை, சமையலறை; மேலே ஓர் அறை.

இணைப்பு அறுந்துகொண்டே இருந்ததால் பெட்டியின் வைஃபைதான் மோசம் என்று முடிவு கட்டினேன். எந்தச் சோதனையும் செய்யாமல் எடுத்த முடிவு அது. புதிய ரூட்டர் ஒன்றை வாங்கி அதன் பின்னால் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அட்டைப்பெட்டியில் பெரிதாக 'ஏசி1200' என்று போட்டிருந்தது, நான்கு ஆன்டெனா இருந்தது. என் இணைப்போ 200. ஆறு மடங்கு இடம் இருக்கிறதே என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டி வேகம் பார்த்தேன். 94. மறுபடி பார்த்தேன். 93. ரூட்டருக்கு ஓரடி தள்ளி நின்று பார்த்தாலும் 94. அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறவில்லை. அரைநாள் வைஃபை அமைப்புகளையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரூட்டரில் செருகியபோதுதான் புரிந்தது. இணைப்பு வேகம் 100 எம்பிபிஎஸ் என்று லேப்டாப் காட்டியது. ரூட்டரின் பின்னால் இருக்கும் ஐந்து போர்ட்டும் 100 வகை. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும், உள்ளே வரும் வாசல் 100 என்றால் அதற்கு மேல் எதுவும் வராது. நடைமுறைக் கழிவு போக 94 தான் அதன் உச்சம்.

அந்த 1200 என்ற எண் எப்படி வந்தது என்று அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ரூட்டர் பேசும் அலைவரிசை இரண்டு: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டினால் 1167. அதை முழுமையாக்கி 1200 என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்த வகை வைஃபையில் ஒரு ஃபோன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும். அதனால் கூட்டுத்தொகையால் எந்த ஃபோனுக்கும் பலனில்லை. அந்த 867-உம் காற்றில் நடக்கும் பேச்சின் உச்ச வேகம்தான். கையில் கிடைப்பது பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு. வாசலில் 100 வகை போர்ட்டை வைத்துவிட்டு முகப்பில் 1200 என்று அச்சடிப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. போர்ட்டின் வேகம் எழுதப்பட்டிருந்தது, ஆனால் அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தில், பொடி எழுத்தில்.

வேகம் குறைந்தாலும் நிம்மதியாக ஓடினால் போதும் என்று விட்டிருப்பேன். இரண்டாம் நாள் மாலையே "அப்பா, நெட் போச்சு!" மறுபடி கேட்டது.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேரில் முப்பது வருடம் கை பழகியவர். ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "பெட்டிய மாத்தியும் அதே கோளாறுன்னா, பெட்டிய விட்டுடு தம்பி. பெட்டிக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாரு. எது எப்ப சாகுதுன்னு மொதல்ல எழுதி வை."

எழுதி வைத்தேன். லேப்டாப்பை கேபிளில் ரூட்டரோடு இணைத்து, திரையில் மூன்று ஜன்னல் திறந்து, மூன்று முகவரிக்குப் பிங் ஓடவிட்டேன். ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் கட்டளை அது. ஒன்று என் புதிய ரூட்டர், 192.168.0.1. இரண்டாவது ஃபைபர் பெட்டி, 192.168.1.1. மூன்றாவது வெளி உலகத்துக்கு, கூகுளின் பொது டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக்கும் சேவை) முகவரியான 8.8.8.8. நேரத்தோடு பதிவாகும்படி மூன்றையும் கோப்பில் சேமித்தேன். இதற்கு ஒரு காசு செலவில்லை. வெளி முகவரி மட்டும் பதில் தராமல் போனால் கோளாறு நிறுவனத்தின் பக்கம். ஃபைபர் பெட்டியும் சேர்ந்து செத்தால் பெட்டியிலோ அதன் மின்சாரத்திலோ. ரூட்டரே பதில் தரவில்லை என்றால் என் ரூட்டரிலோ கேபிளிலோ.

இரண்டு நாள் பதிவில் படம் தெளிவாகிவிட்டது. என் ரூட்டர் ஒருமுறைகூடச் சாகவில்லை. ஃபைபர் பெட்டி ஐந்து முறை போயிருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. பெட்டி அணைந்து மீண்டும் துவங்கப் பிடிக்கும் நேரம் அது. ஐந்தும் மாலை ஏழுக்கும் இரவு பத்துக்கும் இடையில்.

மல்டிமீட்டரை எடுத்தேன். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. தனியாகக் கழற்றி அளந்தபோது 12.3 வோல்ட். நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துவிட இருந்தேன். அண்ணன் விடவில்லை. "சும்மா இருக்கறப்ப எல்லா அடாப்டரும் பன்னெண்டு காட்டும். சுமையோட அள" என்றார். திருகு முனை வைத்த டிசி பின் ஒன்றும் சாக்கெட் ஒன்றும் வாங்கி, அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் சிறு ஒட்டு வைத்தேன். பெட்டி ஓடும்போதே திருகு முனைகளில் மீட்டரை வைத்துப் பார்க்க முடிந்தது. பின்னின் அளவு 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2.1 உள்விட்டம். உள்ளே நேர்முனை. இதை மாற்றிக் கொடுத்தால் பெட்டி எரிந்துவிடும். அடாப்டரின் மேல் முனைகளைக் காட்டும் வட்டக் குறியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் இணைத்தேன்.

காலையில் சுமையோடு 11.8. மதியம் 11.7. இரவு எட்டு மணிக்கு டிவி ஓடிக்கொண்டிருந்தபோது 11.1-இல் ஊசலாடியது. கண் முன்னாலேயே 9.7-க்கு இறங்கி, பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. அடாப்டரைத் தொட்டேன், கை வைத்திருக்க முடியாத சூடு. டிவிக்குப் பின்னால் காற்றோட்டமில்லாத தட்டில் அது வருடக்கணக்காக வெந்துகொண்டிருந்திருக்கிறது. இப்படிப்பட்ட அடாப்டர்களில் முதலில் உயிர் போவது உள்ளேயிருக்கும் மின்தேக்கி. சூட்டில் அது காய்ந்து, கொள்ளளவு குறைந்து, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் போகிறது. மாலையில் டிவியின் வெப்பமும் சேரும், எல்லோரும் வீட்டில் இருப்பதால் பெட்டியின் வேலையும் கூடும். மாலைக் கணக்கு அப்படித்தான் வந்தது.

12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தவறில்லை, பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். சுமையோடு 12.05, இரவும் பகலும். பெட்டி அதன்பிறகு சாகவில்லை. அந்த அடாப்டரின் விலை, நான் அவசரப்பட்டு வாங்கிய ரூட்டரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கேபிளில் இணைத்த லேப்டாப்பில் இணைப்பு அறவில்லை. வைஃபையில் இருந்தவர்களுக்கு, முக்கியமாகப் பின்னறையிலும் மாடியிலும், இன்னும் திக்கித் திக்கித்தான் வந்தது. வேகமும் 94-ஐத் தாண்டவில்லை. அதனால் இன்னொரு ரூட்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. இம்முறை முதலில் வீட்டை அளந்தேன்.

நோட்டில் வீட்டின் தரைப்படத்தை வரைந்து ஒன்பது புள்ளி குறித்தேன். ஃபோனில் சிக்னல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிமிடம் நின்று சிக்னலின் வலிமையைக் காட்டும் டிபிஎம் அளவை எழுதினேன். இந்த எண் எப்போதும் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மூன்று குறைந்தால் சக்தி பாதியாகிறது. பத்து குறைந்தால் பத்தில் ஒன்று. வீடியோ அழைப்பு சிரமமின்றி ஓட -67 வரையாவது இருக்க வேண்டும். -80 பக்கம் போனால் இணைப்பு பெயருக்குத்தான்.

5 ஜிகாஹெர்ட்ஸில் ஹாலில் -42. முதல் அறையில் -63. பின்னறையில் -78. மாடியில் -81. பின்னறை அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் ரூட்டர் இருக்கும் மூலையிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்தால், அந்தக் கோடு டிவியின் முதுகைத் தாண்டி, ஃபிரிட்ஜைத் தாண்டி, எஃகு அலமாரியைத் தாண்டித்தான் அங்கே போகிறது. மூன்றும் உலோகம். எந்த ரூட்டரை அந்த மூலையில் வைத்தாலும் இதே கதைதான்.

சோதிப்பதற்காக ரூட்டரை நீளமான கேபிளில் இணைத்து, வீட்டின் நடுவே இருக்கும் அலமாரியின் உச்சியில், தரையிலிருந்து ஏழடி உயரத்தில் வைத்து மறுபடி ஒன்பது புள்ளியும் அளந்தேன். ஹால் -47, முதல் அறை -54, பின்னறை -62, மாடி -73. பின்னறையில் 16 கூடியிருக்கிறது. சக்தியில் அது நாற்பது மடங்கு. காசு கொடுத்து வாங்கிய எதுவும் இந்த அளவுக்கு உதவவில்லை. ஆன்டெனாக்களை நான் சாய்த்துச் சாய்த்து வைத்திருந்தேன். குச்சி ஆன்டெனா தன் நுனிப் பக்கமாக அனுப்புவது குறைவு, தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் அதிகம் அனுப்பும். அதனால் ஒரே தளத்துக்கு நேராக நிறுத்துவது நல்லது. ஒன்றை மட்டும் கிடைமட்டமாகச் சாய்த்தபோது மாடியில் சிக்னல் அளவு இரண்டு கூடியது.

இடம் முடிவானதும் நிரந்தரக் கேபிள். மூலையிலிருந்து பரண் ஓரமாக அலமாரிக்கு அளந்தால் 22 மீட்டர். விலை குறைந்த கேபிள் ஒன்றை வாங்கி, முனையை உரித்தபோதே ஒரு கம்பி முறிந்தது. இன்னொன்றைக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள். வளைத்தால் ஒடியும், மின்தடை அதிகம், லேன் தரத்துக்கு அது ஏற்பில்லாதது. திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுச் செம்பு என்று எழுதியிருந்த கேட்6 வகைக் கேபிள் வாங்கினேன். அதன் கம்பிகள் தடிமன். என்னிடமிருந்த கேட்5ஈ என்ற பழைய வகைக் கனெக்டர்களின் துளையில் நுழையவில்லை. கேட்6 கனெக்டர் தனியாக வாங்க வேண்டியதாயிற்று.

கனெக்டரில் கம்பிகளை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் வரிசையை அலமாரியின் உள்கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையும் இதே வரிசை. முதல் முயற்சியில் இணைப்பு வந்தது, ஆனால் 100 எம்பிபிஎஸ்தான். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கில் ஏழாவது எரியவில்லை. 100 வேகத்துக்கு நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், யாரும் சொல்ல மாட்டார்கள். வெட்டி மறுபடி போட்டேன். எட்டும் எரிந்தன. கிரிம்பிங் கருவியும் டெஸ்டரும் வாங்கியது வீண்செலவு என்று அன்று தோன்றியது. அந்த ஏழாவது விளக்குக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

இப்போது இரண்டாவது ரூட்டர். இம்முறை அட்டைப்பெட்டியின் முகப்பைப் பார்க்கவில்லை. அடிப்பக்கத்தையும் தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தையும்தான் பார்த்தேன்.

முதல் நிபந்தனை, எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட். இதிலேயே விலை குறைந்த மாடல்களில் கணிசமானவை கழிந்துவிட்டன. வைஃபை 6 போதும் என்று வைத்துக்கொண்டேன். வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பேசும் கருவி ஒன்றுகூட இல்லை, இணைப்பும் 200 தான். ஆன்டெனா எண்ணிக்கையிலும் ஆசைப்படவில்லை. எங்கள் ஃபோன்கள் எல்லாம் இரண்டு ஆன்டெனா கொண்டவை. எதிர்முனையில் இரண்டே இருக்கும்போது, ரூட்டரில் எட்டு இருந்தாலும் அந்த ஒரு ஃபோனின் உச்ச வேகம் எட்டுக்கேற்ப ஏறாது. எனவே 'ஏஎக்ஸ்3000' வகை. 574-உம் 2402-உம் சேர்ந்த கூட்டுத்தொகை என்று இப்போது தெரியும்.

நான் அதிக நேரம் செலவிட்டது ஃபர்ம்வேரில், அதாவது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளில். ரூட்டர் இரவும் பகலும் இணையத்தைப் பார்த்து நிற்கும் கருவி. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வேண்டும். நான் பரிசீலித்த ஒவ்வொரு மாடலுக்கும் கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்தேன். ஒன்றுக்கு மூன்று வருடமாக எதுவும் வரவில்லை. இன்னும் புதுப் பொருளாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைத் தள்ளினேன். தயாரிப்பாளர் கைவிட்டாலும் பிழைக்க வேண்டும் என்பதற்காக, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேர் ஆதரிக்கும் மாடலாகத் தேடினேன். அதற்கு ஃபிளாஷ் (நிரந்தரச் சேமிப்பு) 16 எம்பியும் ரேம் 128 எம்பியும் இருந்தால் நிம்மதி. நான் எடுத்ததில் இரண்டும் அதைவிட அதிகம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று உள்ளே முற்றிலும் வேறு சிப்போடு வரும். அந்த எண் ரூட்டரின் அடியில் ஒட்டிய தாளில்தான் இருக்கும். பெட்டியைப் பிரிக்கும் முன் அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வெர்ஷன் மாறி ஃபர்ம்வேர் ஏற்றினால் ரூட்டர் வேலை செய்யாத வெறும் செங்கல்லாகிவிடும்.

மாட்டிய நாளில் பிரச்சினை வேறு உருவில் வந்தது. புதிய ரூட்டரும் 192.168.1.1, ஃபைபர் பெட்டியும் 192.168.1.1. இரண்டுக்கும் ஒரே கதவு எண் என்றால் தபால் எங்கே போகும்? ரூட்டரை 192.168.50.1 என்று மாற்றினேன். அடுத்து, ரூட்டருக்குப் பின்னால் ரூட்டர் என்று இரட்டை முகவரி மாற்றம் வேண்டாம் என்பதால், ஃபைபர் பெட்டியை, ரூட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டேன். மூன்றாவது அழைப்பில்தான் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளும் ஒருவர் கிடைத்தார். அதற்கு முன்பே பெட்டியின் அமைப்புப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். நிறுவனத்தின் வலையில் நுழைய ரூட்டருக்கு வேண்டிய பிபிபிஓஇ பயனர் பெயர், விலேன் எண் இரண்டும் அந்தப் படங்களிலிருந்துதான் கிடைத்தன. கடவுச்சொல்லை மட்டும் கேட்டு வாங்கினேன். பெட்டியின் சொந்த வைஃபையை அணைக்கச் சொன்னேன். ஒரே வீட்டில் இரண்டு வைஃபை ஒரே சேனலில் (அலைவரிசையின் ஒரே துண்டில்) முட்டிக்கொண்டு இருந்ததை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை.

வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்தேன். வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் எதுவும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்டன. பிரிண்டர் மட்டும் வரவில்லை. பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு முறை மட்டும் என்று வைத்திருந்தேன். பழைய பிரிண்டருக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2-உம் 3-உம் கலந்த முறைக்கு மாற்றியதும் வந்துவிட்டது. கடவுச்சொல் அடிக்காமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் முறையை அணைத்தேன். அதன் எட்டிலக்கப் பின் எண் முறையில் ஓட்டை இருப்பது 2011-லேயே வெளியானது. வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியையும் அணைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லை நீளமாக மாற்றினேன்.

பின்னறையில் வேகம் 186. இதே இடத்தில் முன்பு 38. மகிழ்ச்சிதான். ஆனால் மூன்றாம் நாள், அம்மா வெளியூரிலிருக்கும் என் தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது படம் உறைந்தது. "ஏம்ப்பா, இன்னும் சரியாகலையா?" என்று அம்மா கேட்டபோது சங்கடமாக இருந்தது. பிங் பார்த்தேன். பதில் வர சாதாரணமாக 12 மில்லிசெகண்ட், அப்போது 380. என் ஃபோன் அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றம் 50-ஐயும் அது நிரப்பிவிட்டதால், மற்றவர்களின் தரவுப் பொட்டலங்கள் ஃபைபர் பெட்டிக்குள் நீண்ட வரிசையில் நின்றன.

தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரில் முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். 380 என்பது 300 ஆயிற்று. அப்போதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு மாறினேன். ஏற்றியதும் வைஃபை அணைந்த நிலையிலேயே வந்தது. கேபிளில் லேப்டாப்பை இணைத்துத்தான் அமைப்புகளைத் தொடங்க முடிந்தது. வைஃபையை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். எஸ்க்யூஎம் என்ற தொகுப்பை நிறுவி, இறக்கத்தை 180 என்றும் ஏற்றத்தை 45 என்றும் வரம்பிட்டேன். உண்மையான வேகத்தில் தொண்ணூறு சதவீதம். வரிசை இப்போது ஃபைபர் பெட்டியில் சேராமல் ரூட்டரிலேயே சேர்கிறது. ரூட்டர் அதை எல்லோருக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. அதே படங்களை மறுபடி ஏற்றிக்கொண்டே பிங் பார்த்தேன். 21. உச்ச வேகத்தில் பத்து சதவீதம் போயிற்று. வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. அம்மாவின் படம் உறையவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொரு தவறும் செய்தேன். 2402 என்ற வேகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் 5 ஜிகாஹெர்ட்ஸின் சேனல் அகலத்தை 160 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தேன். ஒரு வாரத்தில் நான்கு முறை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை காணாமல் போய், சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தது. ரூட்டரின் பதிவேட்டைத் திறந்தால் 'ரேடார் கண்டறியப்பட்டது' என்ற பொருளில் வரி. 36-இலிருந்து 64 வரையான சேனல்களை 160 அகலம் முழுதாக எடுத்துக்கொள்கிறது. அதில் 52-உம் அதற்கு மேற்பட்டவையுமான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் போல ஏதாவது கேட்டாலே ரூட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், அரை மணி நேரம் திரும்பிப் போகக் கூடாது. புதிதாக அப்படிப்பட்ட சேனலில் நுழையும் முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். அகலத்தை 80-க்குக் குறைத்து, சேனலை 36-இல் நிறுத்தினேன். 2.4-இல் 20 அகலம், சேனல் 11. அக்கம்பக்கத்தில் அதில்தான் நெரிசல் குறைவு. 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றையொன்று தொடாதவை. அதன்பிறகு வைஃபை காணாமல் போகவில்லை.

கணக்குப் பார்த்தால், மொத்தச் செலவில் பாதிக்குச் சற்று மேல் இரண்டாவது ரூட்டருக்கு. கால்வாசி முதல் ரூட்டருக்கு. மீதியில் கேபிள், கனெக்டர், கிரிம்பிங் கருவி, டெஸ்டர், அடாப்டர், டிசி பின். மறுபடி தொடங்கினால் இந்தக் கடைசிக் கால்வாசியைத்தான் முதலில் வாங்குவேன். பிங் பதிவு இரண்டு நாள், அடாப்டர் அளவை ஒரு மாலை, ஒன்பது புள்ளி ஒரு மதியம். அதற்குப் பிறகுதான் ரூட்டர். 22 மீட்டர் கேபிள் இழுத்தபோதே மாடிக்கும் ஒன்றைச் சேர்த்து இழுத்திருப்பேன். ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றில் இணைத்திருப்பேன். இரண்டின் ஆம்பியரையும் கூட்டி, அதைத் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மாடி அறையின் மேசையில் இன்னும் -71 தான். கான்கிரீட் தளத்தைத் தாண்டி அதற்கு மேல் வராது. ரிப்பீட்டர் வாங்கலாமா என்று மகள் கேட்டாள். வாங்கியதையே காற்றில் திருப்பிச் சொல்லும் கருவி, ஒரே அலைவரிசையில் என்றால் வேகத்தைப் பாதியாக்கும். அதற்குப் பதில், பரணில் கிடக்கும் அந்த ஏசி1200-ஐ எடுத்திருக்கிறேன். கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.50.2 என்று மாற்றி, அதே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 149-இல் நிறுத்தியாயிற்று. கேபிளை, இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். அவள் மேசைக்கு 94 தாராளம். இழுக்க வேண்டிய கேபிள் 14 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் பிடிக்க அவளே வருகிறேன் என்றிருக்கிறாள்.